அம்மிணிக்கு வலிக்கவில்லை

குழந்தைக்குப் பல் வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பம்பாய் மாதுங்காவில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார்கள்: முதலில் ஒரு சபா ஆரம்பிக்க வேண்டும். சபாவுக்கு ஓர் அக்கிராசனர், ஒரு காரியதரிசி, ஒரு ஸ்திரீகள் பிரிவு வேண்டும். இவ்வளவும் அமைந்த பிறகும் குழந்தைக்கு வலி இருந்தால் அது குழந்தையின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஆரம்பித்ததுதான் 'பால தந்த தைரிய சபா'. குழந்தைகளைப் பல் டாக்டரிடம் போவதற்குத் தயார்ப்படுத்துவது அதன் நோக்கம். அதன் ஆண்டறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். யுத்த காலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கிடைக்காத வருஷம். இந்த அறிக்கைக்கு மட்டும் வழவழப்பான காகிதம் எங்கிருந்தோ கிடைத்தது. அதை ஒரு வரி விடாமல் படித்த பாவி நான். முப்பத்தொன்பது பக்கத்தில் நிர்வாகிகளின் படங்களும் பிரசங்கங்களும் இருக்கின்றன. மீதி மூன்று பக்கத்தில் குழந்தைகள் வருகிறார்கள். பல் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

பஞ்சுவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். பாலக்காட்டிலிருந்து வந்து பதினோரு வருஷமாக ஒரே லோகல் வண்டியில், ஒரே ஜன்னலோரம் நின்றுகொண்டு ஆபீஸுக்குப் போகிறவர். யாரையும் உரத்த குரலில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அச்சில் வந்த எதையும் நம்பிவிடுவார். அவருடைய பெண் அம்மிணிக்கு ஏழு வயது. இடது பக்கத்துக் கீழ்க் கடைவாயில் அடுத்தடுத்து இரண்டு பற்கள் கறுத்துப் போய், கன்னம் வீங்கியிருந்தது. தாயார் ஷ்யாமளா கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தாள், உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் வலி மசியவில்லை.

தாதரில் டிராம் போய் நிற்கிற இடத்துக்கு எதிரே டாக்டர் கலீலுல்லாவின் பல் வைத்தியசாலை இருந்தது. கலீலுல்லா காயல்பட்டினத்துக்காரர். கையில் சூரர், வாயில் முசுடு. பஞ்சு குழந்தையை அங்கேதான் முதலில் கூட்டிக்கொண்டு போனார். அம்மிணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. அரை மணி நேரம் கெஞ்சினார்கள். ஒரு தடவை அழுகைக்காக வாய் கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளியில் டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

"இங்க பாருங்க சார்," என்றார் டாக்டர். "ரெண்டு பல்லும் சொத்தை. ஆனா ஒண்ணுதான் அழுகிச் சீழ் கோத்திருக்கு. இன்னொண்ணை அடைச்சுக் காப்பாத்திரலாம். எது எதுன்னு தட்டிப் பாத்தாத்தான் தெரியும். வாயைத் திறக்காத பிள்ளைகிட்ட நான் என்னத்தைத் தட்ட? வாசக் கதவையா? வெளிய இன்னும் ஏழு பேரு காத்துக் கெடக்காங்க. வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுங்க, தயார் பண்ணிக் கூட்டிட்டு வாங்க. நாலஞ்சு நாளைக்கு மேல போட்டு வைக்காதிங்க, சொல்லிட்டேன்."

தயார் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பஞ்சுவுக்குச் சபாவின் விளம்பரம் ஞாபகம் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் குழந்தை தயாரா?' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அன்று மாலையே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

சபாவின் காரியதரிசி சங்கரன், பகலில் ஒரு மில் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. மாலையில் ஐந்து சபாக்களுக்குக் காரியதரிசி. மாடி ஹாலின் நடுவில் உயரமான நாற்காலி ஒன்று பட்டுத் துணி போர்த்திக்கொண்டு நின்றது. குழந்தைகள் பல் டாக்டரின் நாற்காலிக்குப் பழக வேண்டும் என்று பைகுல்லாவில் வாங்கி வந்தது. அது க்ஷவர சலூனில் இருந்த நாற்காலி என்று பிற்பாடுதான் தெரிந்தது. உடனே புண்யாஹவாசனம் செய்தார்கள். இவ்வளவு சுத்தமாகிவிட்ட நாற்காலியில் கண்ட குழந்தையும் உட்காரலாமா என்று ஒருவர் கேட்டார். அதனால் குழந்தைகள் கீழே பாயில் உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்துப் பழகினார்கள்.

"டாக்டர் எப்போ வருவார்?" என்று கேட்டார் பஞ்சு.

சங்கரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

"அரே பஞ்சு ஸார்! டாக்டர் வந்தா பல்லைன்னா பிடுங்கிடுவார்? இது தயார்ப்படுத்தற ஸ்தாபனமாக்கும். பிடுங்கறதுக்கு தாதர்லே இருக்கா, கிர்காம்லே இருக்கா. தயார்ப்படுத்தறதுக்கு இந்தப் பம்பாய்லே நம்மளை விட்டா யாரு?"

"நாலஞ்சு நாளைக்குள்ளே பிடுங்கணும்னு சொல்லியிருக்கார்."

"பயிற்சி மூணு வாரம்."

"அதுவரைக்கும் கொழந்தைக்கு வலிக்குமே, ஸார்."

"வலிக்கட்டும். வலி இருந்தாத்தான் கொழந்தைக்குப் பயிற்சியிலே சிரத்தை இருக்கும். போன வருஷம் வலியே இல்லாத பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்தோம், கேட்டேளா? விளையாடிண்டே இருந்துதுகள்."

பஞ்சு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பரிசோதனை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சபாவின் நிர்வாகிகள் அத்தனை பேரும் ஆசார சீலர்கள். பிறத்தியார் வாயில் விரல் பட்டால் எச்சில்; அந்த விரல் பட்ட இடமெல்லாம் எச்சில்; அந்த இடத்தில் இருந்தவர்கள் தலை முழுக வேண்டும். இப்படிப்பட்டவர்கள் பல்லுக்காக ஏன் சபா வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காதுக்கு ஏற்கெனவே ஊரில் மூன்று சங்கீத சபாக்கள் இருந்தன. கண்ணுக்கு ஒரு நாடக சபா இருந்தது. மூக்கை வைத்துச் சபா நடத்த வழியில்லை; மிச்சமிருந்தது வாய்தான்.

ஹாலின் ஒரு கோடியில் சாக்கட்டியால் கோடு கிழித்திருந்தார்கள். அதில் குழந்தை நின்று வாயைத் திறக்க வேண்டும். எதிர்க் கோடியில் அக்கிராசனர் ராவ் சாஹிப் வேங்கடசுப்ரமணியன் சாய்வு நாற்காலியில் இருந்தபடி பைனாகுலர் வைத்துப் பார்ப்பார். அது அவர் மகாலக்ஷ்மி குதிரைப் பந்தயத்துக்கென்று வாங்கியது. தாதரில் அரை மணி நேரம் பூட்டிக் கிடந்த அம்மிணியின் வாய் இங்கே உடனே திறந்தது. உத்தியோக காலத்தில் ஜில்லாவையே கட்டி ஆண்ட பெரியவர்களுக்குப் புரியாத ஒன்று அந்தக் குழந்தைக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் யாரும் தன் கிட்டே வரப்போவதில்லை. பஞ்சுவுக்கோ ஆனந்தக் கண்ணீர்.

"பல் உண்டு," என்றார் ராவ் சாஹிப். சங்கரன் எழுதிக்கொண்டார்.

"ஸார், அந்தக் கடைவாயிலே கறுத்திருக்கற ரெண்டையும் கொஞ்சம் கிட்டக்க வந்து பாருங்கோளேன்," என்றார் பஞ்சு.

ராவ் சாஹிப் பைனாகுலரைக் கீழே வைத்தார். சங்கரன்தான் பஞ்சுவைத் தனியாக அழைத்துப் போய், பெரியவர் இன்றைக்கு ஒரு தடவை ஸ்நானம் பண்ணியாகிவிட்டது என்பதை எடுத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு ராவ் சாஹிப்பின் பிரசங்கம். ஆண்டறிக்கையில் முழுவதும் இருக்கிறது. நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

"குழந்தைகளே! பல் என்பது என்ன? அது வாயில் இருப்பது. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. என் வாயில் இப்போது நீங்கள் பார்க்கும் பற்கள் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரரிடம் அளவு கொடுத்து வாங்கியவை. என் சொந்தப் பற்கள் ஒவ்வொன்றும் தானாகவே விழுந்தன. அவற்றில் ஒன்றுக்காகவாவது நான் பல் வைத்தியரிடம் போயிருக்கிறேனா? கிடையாது. பயம் காரணமா? சர்க்காரில் ராவ் சாஹிப் பட்டம் பெற்றவனுக்குப் பயம் ஏது? எனக்கு அவகாசம் இல்லை. ஜனங்களுக்குப் பல்லின் மகிமையை எடுத்துச் சொல்வதிலேயே என் பற்கள் போய்விட்டன. இந்தத் தியாகத்தை நீங்கள் மறக்கக் கூடாது."

ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். குழந்தைகள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் துப்பல் கிண்ணத்தைப் பற்றி நிர்வாகக் கமிட்டி கூடியது. டாக்டர் வீட்டில் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வார்களாம், அதற்கும் குழந்தைகள் பழக வேண்டாமா என்று யாரோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டார்கள். கிண்ணம் வாங்கலாம், அதை யார் கழுவுவது? அதற்கென்று ஓர் ஆளை வைத்தால் அவன் ஹாலுக்குள் வருவான். அவன் வந்தால் மறுபடியும் புண்யாஹவாசனம். மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: குழந்தைகளைத் துப்பாமலிருக்கப் பழக்குவது. அன்று முதல் எது வாயில் ஊறினாலும் விழுங்க வேண்டும். அம்மிணிக்கு ஈறு உடைந்து சீழ் கசிய ஆரம்பித்திருந்தது. அதனால் கன்னத்து வீக்கம் கொஞ்சம் வடிந்தது; சபாவின் பயிற்சிதான் வேலை செய்கிறது என்று பஞ்சு நம்பிக்கொண்டார். அந்தக் குழந்தை சீழையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையில் இது 'சுத்தப் பயிற்சி' என்ற தலைப்பில் வருகிறது.

ஸ்திரீகள் பிரிவின் தலைவி ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி. குழந்தைகளின் மனசைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை அவர் முன்னுரை வரை படித்திருந்தார். வலி என்று சொல்வதால்தான் குழந்தைக்கு வலிக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே அந்த வார்த்தையையே ஹாலில் யாரும் சொல்லக் கூடாது. சொன்ன குழந்தையின் பெயரைக் கறுப்புப் பலகையில் எழுதி, எத்தனை தடவை என்று பக்கத்தில் கோடு போடுவார். மற்றக் குழந்தைகள் அதைப் பார்த்து ஒரே குரலில் சிரிக்க வேண்டும். சிரிப்புக்கு அவரே தாளம் போட்டுக் கொடுப்பார்.

பயிற்சி நடக்கும் விதம் இது. சங்கரன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு டாக்டராக நிற்பார். கிட்டே போக முடியாதே! அதனால் வீட்டிலிருந்து மடிக்கோலைக் கொண்டு வந்திருந்தார். மடித்துணியைக் கை படாமல் உயரத்துக் கொடியில் போட எல்லார் வீட்டிலும் வைத்திருக்கிற நீளக் கோல்தான். ஆறடி தள்ளி நின்று அதன் நுனியால் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "வலிக்கறதா?" என்பார். குழந்தை கைகூப்பி, "வலிக்கவில்லை டாக்டர், நமஸ்காரம்," என்று சொல்ல வேண்டும்.

சங்கரனுக்கு இடது கைப் பழக்கமும் கிடையாது, குறி பார்க்கிற பழக்கமும் கிடையாது. எதிரே நின்று வலது கையால் நீட்டிய கோல் ஒவ்வொரு தடவையும் அம்மிணியின் வீங்கிய இடது கன்னத்திலேயே வந்து விழுந்தது. முதல் வாரம் அவள் பெயருக்கு நேரே பதினோரு கோடு. குழந்தைகள் தாளத்தோடு சிரித்தார்கள். இரண்டாவது வாரம் நாலு கோடு. மூன்றாவது வாரம் கோடே இல்லை. கோல் பட்டவுடன் பொலபொலவென்று கண்ணீர் வரும்; கை கூப்பும்; வாய், "வலிக்கவில்லை டாக்டர், நமஸ்காரம்," என்று சொல்லும். கண்ணீருக்குக் கோடு போடச் சபாவின் விதிகளில் இடமில்லை.

வீட்டிலும் அவள் அப்படியே ஆகிவிட்டாள்.

"தலகாணியைக் கடிச்சுண்டு படுத்துண்டிருக்கா," என்றாள் ஷ்யாமளா. "கேட்டா வலிக்கலேங்கறா. மோர் சாதத்தைக்கூட முழுங்க மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு. அந்தத் தாதர் டாக்டராத்துக்கே கூட்டிண்டு போயிடலாம், வாங்கோ."

"இன்னும் நாலு நாள்தான்டி. பாதியிலே நிறுத்தினா இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாயிடும்."

பஞ்சுவின் தைரியம் அவ்வளவுதான். மறுநாள் சங்கரனிடம், வலி இல்லையென்றால் கன்னம் மட்டும் ஏன் மறுபடியும் வீங்குகிறது என்று கேட்டார். "கன்னத்துக்கு நாம இன்னும் பயிற்சி ஆரம்பிக்கலையே!" என்றார் சங்கரன். பிற்பாடு இதைக் கேட்ட எனக்கே அவர் மேல் அந்தக் கோலை எடுக்கலாம்போல் இருந்தது. பஞ்சு தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஆண்டு விழாவில் அம்மிணிக்கு 'தைரிய ரத்னம்' பதக்கம். சின்னஞ்சிறு பதக்கத்தை நாடாவில் கோத்து மடிக்கோலின் நுனியில் மாட்டி, மேடையில் ஆறடி தள்ளி நின்று ராவ் சாஹிப் அதைக் குழந்தையின் கழுத்தில் இறக்கினார். இரண்டு முறை காதில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் முறை சரியாக விழுந்ததும் கரகோஷம் வானைப் பிளந்தது.

"இந்தக் குழந்தை ஒரு வாரமாக அந்த வார்த்தையைச் சொல்லவில்லை," என்றார் ராவ் சாஹிப். "இவள் பல் டாக்டரிடம் போவதற்குப் பூரணமாகத் தயாராகிவிட்டாள். ஆகவே இனி இவள் பல் டாக்டரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை! ஆனால் ஒன்று. என்றைக்காவது, எங்கேயாவது இவள் அந்த வார்த்தையைச் சொன்னதாகச் சபாவுக்குத் தெரிய வந்தால், பதக்கம் திரும்பப் பெறப்படும். பலகையிலும் பெயர் ஏறும்."

அம்மிணி பதக்கத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் நூற்று மூன்று டிகிரி ஜுரம். இடது கண் பாதி மூடிவிட்டது. ஷ்யாமளா புருஷனைக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிராமுக்கு நடந்தாள். பஞ்சு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"நாலு நாளுன்னு சொன்னேன். மூணு வாரமாச்சு," என்றார் கலீலுல்லா. அதற்கு மேல் திட்ட நேரமில்லை. அம்மிணியை நாற்காலியில் உட்கார வைத்தார். சொல்வதற்கு முன்பே அவள் வாயைத் திறந்தாள், அகலமாக. டாக்டருக்கே ஆச்சரியம். சின்னக் கம்பியால் முதல் பல்லைத் தட்டினார்.

"வலிக்கிதா தாயி?"

"வலிக்கவில்லை டாக்டர், நமஸ்காரம்."

அடுத்த பல்லைத் தட்டினார்.

"வலிக்கவில்லை டாக்டர், நமஸ்காரம்."

இரண்டு தடவையும் கண்ணீர் வழிந்தது. இரண்டு தடவையும் கைகூப்பினாள். டாக்டர் மறுபடியும் தட்டினார், குளிர்ந்த தண்ணீர் பட வைத்தார், அழுத்திப் பார்த்தார். ஏழெட்டு நமஸ்காரம் வந்தது. பல்லைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க இந்தப் பிள்ளைய?" டாக்டர் கம்பியைத் தட்டில் போட்டார். "ஒட்டுக்க வீங்கிப் போய்க் கெடக்கு, கண்ணால பாத்து ஒண்ணும் சொல்ல முடியல. இது வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. தப்பான பல்ல எடுத்தேன்னு வைங்க, சீழ் உள்ளயே நிக்கும், தாடை எலும்புல ஏறிரும். அப்புறம் பல்லு இல்ல, பிள்ளையத்தான் பாக்கணும்."

"அம்மிணி, சொல்லுடி. எந்தப் பல்லு?" என்றாள் ஷ்யாமளா.

அம்மிணி வாசல் பக்கம் பார்த்தாள். "சொன்னா பலகையிலே எழுதுவா," என்றாள் மெதுவாக. "எல்லாரும் சிரிப்பா."

பஞ்சு அந்த நாற்காலியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் பெஞ்சியில் காத்திருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக ஆபீஸில் கேட்காத குரலில், "வலிக்கறதுடி!" என்று கத்தினார். "அப்பாவுக்கு வலிக்கறது, அம்மிணி! ரொம்ப வலிக்கறது! வலிக்கறது, வலிக்கறது, வலிக்கறது!"

அம்மிணி அவரையே பார்த்தாள். பெஞ்சியில் இருந்தவர்களைப் பார்த்தாள். தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மராட்டிக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

"பின்னாலே இருக்கறது," என்றாள். பிறகு உதடு கோணிற்று. "அதுதான்பா. வலிக்கறதுப்பா. அன்னிக்கே வலிச்சுதுப்பா. கோல் பட்டப்போல்லாம் வலிச்சுதுப்பா." மூன்று வாரத்துக் கணக்கையும் அங்கேயே சேர்த்து அழுதாள். கலீலுல்லா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஊசி போட்டார்; பல் நாலு நிமிஷத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை சங்கரன் பஞ்சுவின் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். தாதரில் நடந்தது சபாவுக்கு எட்டிவிட்டது. பெஞ்சியில் யாரோ உறுப்பினர் இருந்திருக்கிறார். கையில் தீர்மானத்தின் நகல் இருந்தது. கதவைத் திறந்தவள் அம்மிணி. கன்னம் பெரும்பாலும் வடிந்திருந்தது. சங்கரன் வழக்கம்போல ஆறடி தள்ளி நின்றுகொண்டார்.

"நீ அந்த வார்த்தையைச் சொன்னியாமே?"

அம்மிணியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சப்பிக்கொண்டிருந்தாள்.

"பதக்கத்தைக் கொண்டா. சபாவோட சொத்து அது."

அம்மிணி வாய்க்குள் விரலை விட்டுப் பதக்கத்தை எடுத்தாள். புதிதாக உண்டான இடைவெளியில் அதை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாடாவிலிருந்து எச்சில் சொட்டிற்று. ஈரத்தோடு அதைச் சங்கரனை நோக்கி நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கோ, மாமா."

சங்கரன் ஒரு படி பின்னால் இறங்கினார். அம்மிணி ஒரு படி முன்னால் வந்தாள்.

"அங்கேயே வை! கீழே வை!"

"வலிச்சுது, மாமா," என்றாள் அம்மிணி. வாயை நன்றாகத் திறந்து அந்தப் பள்ளத்தையும் காட்டினாள். "இங்கேதான். ரொம்ப வலிச்சுது. கிட்டக்க வந்து பாருங்கோளேன்."

சங்கரன் இன்னும் இரண்டு படி இறங்கினார். அவள் மூன்று படி இறங்கினாள். இரண்டாம் மாடி, முதல் மாடி என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஐந்து சபாக்களின் காரியதரிசி கைப்பிடியைக்கூடத் தொடாமல் பின்புறமாகவே இறங்கித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் நிற்கவில்லை. அவள் கடைசிப் படியில் நின்றுகொண்டு, அவர் முடுக்குத் திரும்பும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "வலிச்சுது! வலிச்சுது! வலிச்சுது!"